முதலாவதாக நின்ற பெயர்

பெயர்ப் பட்டியல் என்பது எமது பெண்களுக்குப் புதிய விடயமல்ல. நிவாரண அட்டை, முகாம் பதிவு, வீட்டுத்திட்டம், சுழற்சிக் கடன் என்று எத்தனையோ பட்டியல்களில் எமது பெயரைத் தேடியிருக்கிறோம். பெயர் இருந்தால் ஒரு நிம்மதி. இல்லாவிட்டால் கிராம அலுவலரிடமும் பிரதேச செயலகத்திற்கும் நாட்கணக்கில் நடை. வேலை செய்தவர் ஒருவர், பெயர் இருப்பது இன்னொருவருக்கு என்பதையும் சில இடங்களில் கண்டிருக்கிறோம்.

விஞ்ஞானிகளின் உலகத்திலும் இப்படி ஒரு பட்டியல் உண்டு. யார் எத்தனை ஆய்வுக் கட்டுரைகளை வெளியிட்டார், அவற்றை எத்தனை பேர் எடுத்துக்காட்டினார்கள் என்பதே அந்தப் பட்டியல். அதைப் பார்த்துத்தான் பதவி கொடுப்பார்கள், ஆய்வுப் பணம் கொடுப்பார்கள், சில வேளைகளில் வீட்டிற்கும் அனுப்புவார்கள். அந்தக் கணக்கில் நீண்ட காலம் தேறாதவராகக் கருதப்பட்ட ஒரு பெண்ணின் கதை இது. அவரது பெயர் கட்டலின் கரிக்கோ. ஹங்கேரி நாட்டைச் சேர்ந்தவர்.

இறைச்சிக்கடைக்காரரின் மகள்

கரிக்கோ 1955 ஆம் ஆண்டு ஜனவரி 17 ஆம் திகதி பிறந்தார். வளர்ந்தது கிசூய்சாலாஷ் என்ற சிறிய ஊரில். தந்தை இறைச்சி வெட்டும் தொழிலாளி. தாய் கணக்கெழுதும் வேலை செய்தவர். வீட்டில் குழாய்த் தண்ணீர் இல்லை, குளிர்சாதனப் பெட்டி இல்லை, தொலைக்காட்சியும் இல்லை. கிணற்றடியிலும் குப்பிவிளக்கடியிலும் வளர்ந்த எமது வாசகிகளுக்கு இந்த வீட்டைக் கற்பனை செய்வது கடினமாக இராது.

படிப்பில் ஆர்வம் மிக்க அவர், செகெட் நகரப் பல்கலைக்கழகத்தில் கற்று, 1982 இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். அவர் எடுத்துக்கொண்ட பொருள் ஆர்.என்.ஏ. என்னும் மூலக்கூறு.

இதைச் சற்று விளங்கிக்கொள்வோம். எமது உடலிலுள்ள ஒவ்வொரு கலத்தையும் ஒரு சமையலறை என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாச் சமையல் குறிப்புகளும் அடங்கிய பெரிய புத்தகம் ஒன்று அலுமாரியில் பூட்டியிருக்கிறது. அதுதான் டி.என்.ஏ. அந்தப் புத்தகத்தை வெளியே எடுப்பதில்லை. தேவையான குறிப்பை மட்டும் ஒரு துண்டில் எழுதிச் சமையலறைக்கு அனுப்புவார்கள். அந்தத் துண்டுதான் தூது ஆர்.என்.ஏ. அதைப் பார்த்துச் செய்யப்படும் கறி, சோறு எல்லாம் புரதங்கள். தசை, குருதி, நோயை எதிர்க்கும் பிறபொருளெதிரிகள் எனப் பலவும் புரதங்களால் ஆனவை. வேலை முடிந்ததும் துண்டு கிழிந்து அழிந்துவிடும்.

இந்தக் குறிப்பு எப்படி எழுதப்பட்டு எப்படிப் படிக்கப்படுகிறது என்பதைப் படிக்கும் துறை மூலக்கூற்று உயிரியல். ஒரு கலத்தில் உள்ள புரதங்கள் அனைத்தையும் ஒன்றாக வைத்து ஆராயும் துறைக்குப் புரோட்டியோமிக்ஸ் என்று பெயர்.

கரிக்கோவின் எண்ணம் எளிமையானது. நாமே அந்தத் துண்டை எழுதி உள்ளே அனுப்பினால், நோயாளிக்குத் தேவையான புரதத்தை அவரது உடலே செய்துகொள்ளாதா? இந்த ஒரு கேள்வியை அவர் பல பத்தாண்டுகள் கைவிடாமல் சுமந்தார்.

கரடிப் பொம்மைக்குள் பணம்

1985 இல் ஹங்கேரியில் அவரது ஆய்வுக்குக் கிடைத்துவந்த பணம் நின்றது. வேலையும் போயிற்று. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரிலுள்ள டெம்பிள் பல்கலைக்கழகத்தில் ஓர் இடம் கிடைத்தது. ஆனால் நாட்டை விட்டுப் போகிறவர்கள் மிகச் சிறிய தொகைக்கு மேல் வெளிநாட்டுப் பணம் கொண்டுசெல்ல அரசு அனுமதிக்கவில்லை. காரை விற்று மாற்றிய 900 பவுணை, இரண்டு வயது மகளின் கரடிப் பொம்மைக்குள் வைத்துத் தைத்தார்கள். கணவன், மனைவி, குழந்தை, பொம்மை. திரும்பி வருவதற்குப் பயணச்சீட்டு இல்லை.

சேலைத் தலைப்பிலும் பிள்ளையின் சட்டை மடிப்பிலும் இருந்த காசைத் தைத்துக்கொண்டு ஊர் விட்டு ஊர் நடந்தவர்களுக்கு, இந்தப் பொம்மையைப் பற்றி நாம் அதிகம் விளக்க வேண்டியதில்லை.

1989 இல் அவர் அதே நகரிலுள்ள பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்குதான் அவர் அந்தப் பட்டியலின் முன்னால் நிறுத்தப்பட்டார்.

எடுத்துக்காட்டுக் கணக்கு என்றால் என்ன?

ஒரு விஞ்ஞானி தான் கண்டறிந்ததை எழுதி ஒரு சஞ்சிகைக்கு அனுப்புவார். அதே துறையிலுள்ள வேறு சிலர் அதைப் படித்துப் பிழை திருத்துவார்கள், கேள்வி கேட்பார்கள். தேறினால் வெளிவரும். பின்னர் வேறொருவர் தமது கட்டுரையை எழுதும்போது, "இந்த விடயத்தை இன்னார் இன்ன ஆண்டில் கண்டறிந்தார்" என்று குறிப்பிடுவார். அதுவே எடுத்துக்காட்டு.

தையல் வகுப்பில் நீங்கள் ஒரு புதிய வெட்டு முறையைக் கண்டுபிடிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மற்றப் பெண்களும் அதைப் பார்த்துத் தைக்கிறார்கள். யாராவது கேட்டால், "இது இன்ன அக்காவிடம் படித்தது" என்கிறார்கள். அப்படிச் சொல்லும் ஒவ்வொரு தடவையும் உங்களுக்கு ஒரு புள்ளி. இவ்வளவுதான் விடயம்.

இந்தப் புள்ளிகளைச் சேர்த்து ஒருவருக்கு ஒற்றை இலக்கம் கொடுக்கும் முறைகளும் வந்துவிட்டன. ஜோர்ஜ் ஹேர்ஷ் என்ற பௌதிகவியலாளர் 2005 இல் ஒரு முறையை முன்வைத்தார். ஒருவரின் கட்டுரைகளில் 10 கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது 10 தடவை எடுத்துக்காட்டப்பட்டிருந்தால் அவருடைய இலக்கம் 10. 20 கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது 20 தடவை என்றால் 20. இன்று உலகம் முழுவதும் விரிவுரையாளர்களைத் தெரிவு செய்யும்போது இந்த இலக்கத்தைப் பார்ப்பவர்கள் பலர்.

இதில் நன்மை உண்டு. யாருடைய சிபாரிசும் இல்லாமல் ஒருவரின் வேலை பயன்பட்டதா என்பதை ஓரளவு அறியலாம். ஆனால் அளவுகோலுக்கும் எல்லை இருக்கிறது. பலர் வேலை செய்யும் துறையில் புள்ளி விரைவாகக் கூடும். சிலரே உள்ள துறையில் கூடாது. ஒருவரின் முடிவு பிழை என்று காட்டுவதற்காக எடுத்துக்காட்டினாலும் அதுவும் ஒரு புள்ளிதான். எல்லாவற்றுக்கும் மேலாக, இன்னும் யாரும் நடக்காத பாதையில் முதலாவதாக நடப்பவரைப் பின்தொடர்ந்து வர ஆளில்லை. அவருடைய கணக்கு நீண்ட காலம் வெறுமையாகவே இருக்கும்.

உலகில் மிக அதிகமாக எடுத்துக்காட்டப்பட்ட கட்டுரை

அதிகப் புள்ளி பெற்ற கட்டுரை எது என்று அறிய உங்களுக்கு ஆவலாக இருக்கும். அது புரதம் பற்றியதுதான். 1951 இல் அமெரிக்காவில் வெளிவந்தது. ஒரு கரைசலில் எவ்வளவு புரதம் இருக்கிறது என்பதை, சேர்க்கும் இரசாயனம் தரும் நீல நிறத்தின் செறிவைக் கொண்டு அளக்கும் முறையை அது சொல்கிறது. 2014 இல் எடுக்கப்பட்ட கணக்கின்படி அது 3 இலட்சத்து 5 ஆயிரம் தடவைகளுக்கு மேல் எடுத்துக்காட்டப்பட்டிருந்தது.

அப்படியாயின் அதுதான் உலகின் மிகப் பெரிய கண்டுபிடிப்பா? இல்லை. அதை எழுதிய ஒலிவர் லோரியே அது தமது மிகச் சிறந்த வேலையல்ல என்று கருதினார். புரதத்தோடு வேலை செய்யும் எவருக்கும் முதலில் அளந்து பார்க்கும் தேவை இருந்தது. அதனால் அனைவரும் அதைக் குறிப்பிட்டார்கள். வீட்டில் தினமும் கைக்கு வருவது அகப்பைதான். அதனால் அகப்பைதான் வீட்டிலேயே விலையுயர்ந்த பொருள் என்றாகிவிடாது. டி.என்.ஏ.யின் இரட்டைச் சுருள் வடிவத்தை அறிவித்த 1953 ஆம் ஆண்டின் புகழ்பெற்ற கட்டுரை, அந்த 2014 ஆம் ஆண்டுக் கணக்கின் முதல் 100 இடங்களுக்குள் வரவேயில்லை.

இந்தக் கதையில் நாம் கவனிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. அந்த 1951 ஆம் ஆண்டுக் கட்டுரையை எழுதியவர்கள் நால்வர். லோரி, நைரா ரோஸ்புரோ, லூயிஸ் ஃபார், ரோஸ் ரண்டல். இவர்களில் ரோஸ்புரோவும் ரண்டலும் பெண்கள். ஆனால் எடுத்துக்காட்டும்போது எல்லாப் பெயரையும் எழுதுவதில்லை. "லோரி மற்றும் பிறர்" என்று சுருக்கிவிடுவது வழக்கம். அந்த முறைக்கே "லோரி முறை" என்று பெயராகிவிட்டது. இலட்சக்கணக்கான தடவைகள் அந்தப் பெண்களின் உழைப்பு எடுத்துக்காட்டப்பட்டது. ஆனால் அவர்கள் "பிறர்" என்ற ஒரு சொல்லுக்குள் நின்றார்கள்.

ஆகவே ஒரு கட்டுரையில் யாருடைய பெயர் முதலாவதாக நிற்கிறது என்பது சிறிய விடயமல்ல. உயிரியல் துறைகளில் பெரும்பாலும் அந்த வேலையை முன்னின்று செய்தவரின் பெயர் முதலிலும், ஆய்வுகூடத்தின் தலைவரின் பெயர் கடைசியிலும் வரும்.

பதவி இறக்கம்

மீண்டும் கரிக்கோவிடம் வருவோம். தூது ஆர்.என்.ஏ.யை மருந்தாக்கலாம் என்று சொல்லி ஆய்வுப் பணத்திற்கு விண்ணப்பித்தார். நிராகரிக்கப்பட்டது. மீண்டும் விண்ணப்பித்தார். மீண்டும் நிராகரிக்கப்பட்டது. தூது ஆர்.என்.ஏ. விரைவில் சிதைந்துவிடும், அதை எப்படி மருந்தாக்குவது என்று பலரும் நினைத்தார்கள். பணம் வராவிட்டால் ஆட்கள் இல்லை. ஆட்கள் இல்லாவிட்டால் கட்டுரைகள் குறைவு. கட்டுரைகள் குறைந்தால் எடுத்துக்காட்டும் குறைவு. அதைக் காட்டி அடுத்த பணமும் மறுக்கப்படும். வட்டி கட்ட வட்டிக்கு வாங்குகிறவரின் நிலை போன்றது இது.

1995 இல் பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியர் பதவிக்குச் செல்லும் பாதையிலிருந்து கீழே இறக்கியது. அந்த வேளையில் அவருக்குப் புற்றுநோயாக இருக்குமோ என்ற அச்சம் வேறு. கணவரோ விசாச் சிக்கலில் ஹங்கேரியில் மாட்டிக்கொண்டிருந்தார். பதவியைத் துறந்து போவதா, குறைந்த நிலையை ஏற்று ஆய்வைத் தொடர்வதா என்ற கேள்வி எழுந்தது. அவர் தங்கினார். ஆய்வு மேசை முன்னால் இருக்கும் வரை வேலை செய்யலாம் என்பது அவரது கணக்கு.

போட்டோப் பிரதி இயந்திரத்தடியில்

அக்காலத்தில் சஞ்சிகைகளைப் படிப்பவர்கள் வேண்டிய கட்டுரைகளைப் போட்டோப் பிரதி எடுத்துச் செல்வார்கள். 1990களின் பிற்பகுதியில் அந்த இயந்திரத்தடியில்தான் கரிக்கோவுக்கு ட்ரூ வைஸ்மன் என்ற நிர்ப்பீடனவியலாளரின் அறிமுகம் கிடைத்தது. வைஸ்மன் தடுப்பூசி ஒன்றை உருவாக்க விரும்பியிருந்தார். தூது ஆர்.என்.ஏ.யைத் தன்னால் செய்துதர முடியும் என்றார் கரிக்கோ.

ஆனால் பெரிய தடை ஒன்று இருந்தது. ஆய்வுகூடத்தில் செய்த ஆர்.என்.ஏ.யைக் கலங்களுக்குள் செலுத்தியதும், உடலின் காவல் அதை எதிரி என்று எண்ணித் தாக்கியது. அழற்சி உண்டானது. ஆனால் வேறு வகை ஆர்.என்.ஏ. ஒன்றைச் செலுத்தியபோது அத்தகைய தாக்கம் எழவில்லை. ஏன் இந்த வேறுபாடு? இயற்கையான ஆர்.என்.ஏ.யின் எழுத்துகளில் சிறுசிறு இரசாயன மாற்றங்கள் இருப்பதை அவர்கள் கவனித்தார்கள். யூரிடின் என்ற எழுத்துக்குப் பதிலாக சூடோயூரிடின் என்ற சற்றே மாறிய எழுத்தைப் போட்டுப் பார்த்தார்கள். காவல் அமைதியானது. துண்டு, தடையின்றிச் சமையலறைக்குள் சென்றது.

முதலில் அனுப்பிய முன்னணிச் சஞ்சிகை, இது பெரிய முன்னேற்றமல்ல என்று கருதித் திருப்பி அனுப்பியது. 2005 ஓகஸ்டில் "இம்யூனிட்டி" என்ற சஞ்சிகையில் அது வெளிவந்தது. நால்வரின் பெயர்கள். முதலாவது பெயர் கரிக்கோ. கடைசிப் பெயர் வைஸ்மன்.

இனித் தொலைபேசி ஓயாமல் ஒலிக்கும் என்று இருவரும் எதிர்பார்த்தார்கள். ஒலிக்கவில்லை. பெரிய அழைப்புகள் வரவில்லை. அந்தக் கட்டுரையின் பெறுமதியை உணர்ந்தவர்கள் தொடக்கத்தில் மிகச் சிலரே. 2013 இல் கரிக்கோ பல்கலைக்கழகத்தை விட்டு, ஜேர்மனியிலுள்ள பயோன்டெக் என்ற சிறிய நிறுவனத்தில் சேர்ந்தார்.

கணக்கு மாறியது

2020 இல் கொரோனா உலகை முடக்கியது. அந்த ஆண்டு டிசம்பரில் அனுமதி பெற்ற இரண்டு தூது ஆர்.என்.ஏ. தடுப்பூசிகள், பைசர் - பயோன்டெக் ஊசியும் மொடேர்னா ஊசியும், கரிக்கோவும் வைஸ்மனும் கண்ட எழுத்து மாற்ற வழியிலேயே செய்யப்பட்டவை. 2021 இன் பிற்பகுதியில் எமது நாட்டிலும் மூன்றாவது ஊசியாகப் பைசர் போடப்பட்டது. பாடசாலை மண்டபத்தில் வரிசையில் நின்று கையை நீட்டியவர்களில் எத்தனை பேருக்கு, அந்த மருந்துக்குப் பின்னால் பதவி இறக்கப்பட்ட ஒரு பெண் இருக்கிறார் என்பது தெரிந்திருக்கும்?

2005 ஆம் ஆண்டுக் கட்டுரை இன்று ஆயிரக்கணக்கான தடவைகள் எடுத்துக்காட்டப்பட்டுள்ளது. எடுத்துக்காட்டுபவர்கள் அதைச் சுருக்கி எழுதும் விதம் "கரிக்கோ மற்றும் பிறர், 2005". 2023 ஒக்ரோபர் 2 ஆம் திகதி, மருத்துவத்துக்கான நோபல் பரிசு கரிக்கோவுக்கும் வைஸ்மனுக்கும் அறிவிக்கப்பட்டது. மருத்துவத்தில் அப்பரிசைப் பெற்ற 13 ஆவது பெண் அவர்.

இந்த இடத்தில் நாம் நின்று யோசிக்க வேண்டும். 1995 இல் அவரிடம் இருந்த அறிவுதான் பின்னரும் இருந்தது. மாறியது அவரல்ல, கணக்குத்தான். கணக்கு அவரிடம் வந்துசேர இருபத்தைந்து ஆண்டுகள் எடுத்தன. கொரோனா வராதிருந்தால் இன்னும் எவ்வளவு காலம் எடுத்திருக்குமோ, யார் கண்டார்? இப்படிக் காத்திருந்து களைத்து, இடையில் விட்டுப்போன பெண்களின் பெயர்கள் எந்தப் பட்டியலிலும் இல்லை.

இது வெறும் ஊகமல்ல. 2008 முதல் 2012 வரை உலகெங்கும் வெளியான 54 இலட்சம் கட்டுரைகளை வைத்துச் செய்யப்பட்ட ஓர் ஆய்வு 2013 இல் வெளிவந்தது. எழுத்துப் பங்கில் பெண்களுக்குரியது 30 வீதத்திற்கும் குறைவு என்று அது காட்டியது. முதலாவது இடம் போன்ற முக்கிய இடங்களில் பெண்ணின் பெயர் இருந்த கட்டுரைகள், ஆணின் பெயர் இருந்தவற்றை விடக் குறைவாகவே எடுத்துக்காட்டப்பட்டிருந்தன. அளவுகோல் நேராக இருந்தாலும் அதைப் பிடிக்கும் கைகள் நேராக இருக்க வேண்டும் அல்லவா?

தாயின் வானொலி

கரிக்கோ பின்னாளில் சொன்ன ஒரு நினைவு மனதைத் தொடுகிறது. ஒவ்வொரு ஒக்ரோபரிலும் நோபல் பரிசு அறிவிக்கப்படும்போது ஹங்கேரியிலிருந்த தாய் வானொலியைக் கேட்பாராம். மகளின் பெயர் வருமோ என்று. "அம்மா, நான் ஒரு பேராசிரியர்கூட இல்லையே" என்ற பொருளில் மகள் சிரிப்பாராம். மகள் எவ்வளவு கடுமையாக உழைக்கிறாள் என்பதே தாயின் ஒரே நியாயம். அந்தத் தாய் 2018 இல் காலமானார். பெயர் அறிவிக்கப்பட்டது அதற்கு ஐந்து ஆண்டுகளின் பின்னர்.

அவரது கணக்கேட்டில் எந்த எடுத்துக்காட்டும் இருக்கவில்லை. மகளின் உழைப்பை அறிந்திருந்தார், அவ்வளவுதான். ஆனால் பல்கலைக்கழகக் குழுக்களை விடச் சரியாக எடைபோட்டவர் அந்தக் கணக்கெழுதும் பெண்மணியே.

எமக்கு என்ன?

எமது வாசகிகளில் பலரின் சான்றிதழ்கள் இடம்பெயர்வில் போயின. பலரின் வேலைக்குச் சாட்சி சொல்ல ஆளில்லை. விண்ணப்பித்துத் திரும்பி வந்த படிவங்கள் பலரின் பெட்டியடியில் கிடக்கின்றன. ஒரு குழு "தகுதி இல்லை" என்று எழுதினால், அது அன்றைய நாளில் அந்தக் குழுவிடம் இருந்த அளவுகோலின் முடிவு மட்டுமே. உங்களின் முடிவு அல்ல.

அதே வேளை, பெயரைப் பற்றிய அக்கறையும் வேண்டும். நீங்கள் செய்த வேலையை எழுதி வையுங்கள். திகதியைப் போடுங்கள். சங்கத்தின் அறிக்கையில், பயிற்சிக் கையேட்டில், கண்காட்சிக்குக் கொடுக்கும் பொருளில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று கேட்கத் தயங்காதீர்கள். உங்களோடு வேலை செய்த மற்றப் பெண்ணின் பெயரையும் எழுதச் சொல்லுங்கள். நாமே ஒருவரையொருவர் "மற்றும் பிறர்" ஆக்கிவிடக் கூடாது.

உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் மகள் உங்கள் வீட்டில் இருந்தால், தூது ஆர்.என்.ஏ. என்ற பாடம் வரும் நாளில் இந்தக் கதையை அவளுக்குச் சொல்லுங்கள். பரீட்சைக்கு அது வராமல் போகலாம். பெறுபேறு எதிர்பார்த்தபடி வராத ஒரு நாளில் அவளுக்கு அது நினைவுக்கு வரும்.